மில்லுக்குள் ஒரு பிள்ளைக்காம்பரா

“அந்த நாடு நல்லா இருந்துச்சா, இந்த நாடு நல்லா இருக்கா?”

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் அந்தக் காலத்தில் குறைவு. ரேஷன் கடை வரிசையில் கேட்டார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கேட்டார்கள். அரசு ஆஸ்பத்திரியில் நான் பிரசவ வலியோடு படுத்திருந்தபோது, அடுத்த கட்டிலில் அதே வலியோடு படுத்திருந்தவளும் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அவளுக்கு அடுத்த வலி வந்துவிட்டது.

நாங்கள் இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலிருந்து எண்பதுகளின் தொடக்கத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி, இத்தனை பேர் உங்களுக்கு, இத்தனை பேர் எங்களுக்கு என்று பிரித்துக்கொண்டதில் நாங்கள் இந்தியாவின் பங்குக்கு விழுந்தோம். நானும் என் கணவரும் மூன்று வயது மூத்த மகளும் ராமேஸ்வரத்தில் கப்பலை விட்டு இறங்கினோம். மண்டபம் முகாமில் சில வாரங்கள் இருந்துவிட்டு, ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் குடும்பத்துக்கு ஒரு வேலை என்ற கடிதத்தோடு இந்தப் பக்கம் வந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் எங்களுக்கு ஒரு அறை கிடைத்தது. அதனால் குடியிருப்பு ஒரு ஊர், வேலை பக்கத்து ஊர் என்று ஆயிற்று. அந்த நாட்டில் எங்களை இந்தியாக்காரர் என்றார்கள், இந்த நாட்டில் சிலோன்காரர் என்றார்கள்.

எனக்கு முன்கோபம் உண்டு. முதல் வருடம் கேட்டவர் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன். அன்பாகக் கேட்டவர்களுக்கு இந்த நாடு நல்லது. நக்கலாகக் கேட்டவர்களுக்கு அந்த நாடு நல்லது. யாராவது ‘இக்கரைக்கு அக்கரை பச்சை’ என்று தத்துவம் பேசினால் மட்டும் விட மாட்டேன். இரண்டு கரையிலும் நின்றவள் நான். அக்கரை நிஜமாகவே பச்சைதான், மலை முழுக்கத் தேயிலை. அந்தப் பச்சைக்குள் கால் வைத்தால் அட்டை கடிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தால்தான் இரண்டு நாட்டை ஒப்பிட முடியும் என்பது என் கட்சி. தண்ணீரை எடுத்துக்கொண்டால் அங்கேதான் சுகம். மலைத்தண்ணீர் குழாய்வாயில் நாள் முழுக்கக் கொட்டிக்கொண்டே இருக்கும், வரிசை கிடையாது, சண்டை கிடையாது. இங்கே தெருக்குழாயில் தண்ணீர் வரும் நாளை அமாவாசை, கிருத்திகை போல நினைவில் வைத்திருக்க வேண்டும். வீடு என்று பார்த்தால் அங்கே லயம். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு அறைகள், ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. அடுத்த அறையில் இருமினால் நம் பிள்ளை விழிக்கும். இங்கேயும் ஒரே அறைதான், ஆனால் சுவர் கூரை வரைக்கும் போகிறது. படிப்பு இங்கேதான். எட்டாவதுக்கு மேல் என் தோட்டத்துப் பள்ளியில் வகுப்பே இல்லை. இங்கே என் மகள் எதுவரை படிக்க நினைத்தாலும் நடந்துபோகிற தூரத்தில் பள்ளிக்கூடம் இருந்தது. அப்புறம் ஓட்டு. அங்கே எங்களுக்கு அது கிடையாது. இங்கே விரலில் வைத்த மையை என் கணவர் தெருவில் பார்த்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

பயம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே கலவரம் வந்தபோது மூத்தவளைத் தூக்கிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் பதுங்கியிருந்திருக்கிறோம். இங்கே கோடையில் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கினோம். இந்த ஒன்றே மற்றதையெல்லாம் அடித்துவிடும் என்பது என் கணவரின் கட்சி. “இது என்ன மளிகைக் கடை சாமானா, நீ தனித்தனியா நிறுத்துப் பாக்கறதுக்கு? மொத்தமா பாரு. அந்த நாட்டுல இருந்து ஒரு ஊசிகூட நமக்கு வேண்டாம்,” என்பார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் எனக்கு ஒரு ஊசி வேண்டியிருந்தது.

மில் வேலைக்கு முதலில் போனவர் அவர்தான். மூன்று மாதத்தில் பஞ்சுத் தூசி நெஞ்சில் அடைத்து இருமத் தொடங்கினார். குடும்பத்துக்கு ஒரு வேலை என்றிருந்ததால் என் பெயருக்கு மாற்றிக்கொடுத்தார்கள். அவர் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு பால்கோவா அடுப்பில் கிண்டுகிற வேலைக்குச் சேர்ந்தார். விடியுமுன் போய், முதல் இரண்டு சட்டி இறக்கிவிட்டு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வருவார், மறுபடி மத்தியானம் போவார். அவர் சட்டையில் எப்போதும் காய்ச்சிய பாலின் வாசம் அடிக்கும்.

நான் ரீலிங் பிரிவில் நின்றேன். நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற இடம். அங்கே நாற்பது பெண்களுக்கு மேல் இருந்தோம், பெரும்பாலும் கல்யாணமாகாத பிள்ளைகள். எனக்கு அடுத்து நின்றவள் சோழபுரத்திலிருந்து வருகிறவள், கல்யாணமாகி ஒரு வருடம் ஆனவள். அவளும் மாதம் ஒருமுறை அந்தக் கேள்வியைக் கேட்பாள். “எக்கா, அங்கன சோப்பும் பவுடரும் எம்புட்டு வாசமா இருக்குமாமே, அத விட்டுட்டு ஏன் வந்தீய?” என்பாள். நல்ல பிள்ளை, வாய்தான் கொஞ்சம் நீளம்.

அந்த மில்லில் எழுதாத வழக்கம் ஒன்று இருந்தது. வயிறு வெளியே தெரிந்தால் பெண்கள் வேலையை விட்டுவிடுவார்கள். யாரும் போகச் சொல்ல மாட்டார்கள், இருக்கவும் சொல்ல மாட்டார்கள். மேஸ்திரி ஒருநாள், “என்னம்மா, எப்ப நிக்கப் போற?” என்று விசாரிப்பார். மறுவாரம் அவள் இருக்க மாட்டாள். இரண்டாவது பிள்ளை எனக்கு வயிற்றில் வந்தபோது என்னையும் விசாரித்தார். “பிரசவத்துக்கு லீவு எடுப்பேன், பொறவு வருவேன்,” என்றேன். அவர் அடுத்த மெஷினுக்குப் போய்விட்டார். வேலையை விட்டால் எங்களுக்கு இந்த ஊரில் பிடி கிடையாது. உறவு இல்லை, நிலம் இல்லை. எங்களைக் கொண்டுவந்து சேர்த்தது அந்தக் கடிதம் ஒன்றுதான். அதைக் கையிலிருந்து விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

மகள் பிறந்தாள். மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பினேன். விடியற்காலை பஸ் ஏறினால் வீடு திரும்ப மாலை நாலரை ஆகிவிடும். பகலெல்லாம் பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், மனசு தங்கம். புட்டிப்பால் கொடுத்து, தொட்டிலாட்டி, தன் பிள்ளையைப் போலத்தான் பார்த்தாள். பிள்ளை பசித்து அழுவது அங்கே, பால் சுரப்பது இங்கே. பத்து மணிக்கெல்லாம் எனக்கு மார் கல்லாகிவிடும், ரவிக்கை நனைந்துவிடும். மில் கக்கூஸில் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு பாலைப் பீய்ச்சிச் சாக்கடையில் விடுவேன். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். ஏழு மைல் தள்ளி அழுதால் எப்படிக் குடிக்கும்? ஊரே பாலைக் காய்ச்சிக் கோவா கிண்டி வெளியூருக்கு அனுப்புகிறது, என் வீட்டுக்காரரும் அதைத்தான் செய்கிறார், நான் பாலைச் சாக்கடையில் ஊற்றுகிறேன். அங்கே நின்று நான் பலநாள் அழுதிருக்கிறேன்.

ஐந்து மாதம் முடியும் முன்பே பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டது. கண் குழிவிழுந்து, தலை உச்சி பள்ளமாகி, அழக்கூடச் சத்தில்லாமல் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்துப் பிழைக்கவைத்தார்கள். டாக்டரம்மா கண்டிப்பானவர். “புட்டி வேண்டாம். தாய்ப்பால் மட்டும் கொடு. இன்னொரு தடவ இப்பிடித் தூக்கிட்டு வந்தா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது,” என்றார். எப்படிக் கொடுப்பது என்று நான் கேட்கவில்லை. அதை அவரிடம் கேட்டு என்ன பயன்?

அன்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் அதைச் சொன்னேன். “மில்லுல பிள்ளக்காம்பரா வச்சா சரியாப்போயிரும்.”

என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காம்பரா என்றால் எங்கள் மலைநாட்டுப் பேச்சில் அறை. பிள்ளைக்காம்பரா என்றால் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் அறை. ஒரு ஆயா, வரிசையாகத் தொட்டில்கள். காலை பத்து மணிக்கும் மத்தியானமும் கூடையை இறக்கிவைத்துவிட்டு மலையிலிருந்து ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுப் போவோம். என் மூத்தவள் அங்கே வளர்ந்தவள்தான். கம்பெனி எங்கள் மேல் பாசத்தில் அதை வைக்கவில்லை. தாய் வீட்டில் இருந்தால் கொழுந்தை யார் பறிப்பது? அது எனக்கும் தெரியும். ஆனால் யார் எதற்காக வைத்தால் என்ன, என் மூத்தவள் என் பால் குடித்துத்தான் வளர்ந்தாள்.

“அது பிள்ள வளக்கற எடமா?” என்றார் அவர். “என்னையும் அங்கதான் போட்டு வச்சாங்க. எங்கம்மா வர்றவரைக்கும் ஈரத்துணியில வெறச்சுக் கெடந்திருக்கேன். இந்த நாட்டுலயாவது எம்பிள்ள வீட்டுல வளரட்டும்னுதானே வந்தேன்.”

“வீட்டுலதான் வளந்துச்சு. பாத்தீங்கல்ல,” என்றேன். அந்தச் சொல் அவரைக் குத்தியது. கொஞ்சம் இதமாகச் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் எனக்கு அன்று இதம் வரவில்லை.

மறுநாள் மேனேஜரைப் பார்க்கப் போனேன். ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், மரியாதையானவர். தோட்டத்தில் மேனேஜரைத் துரை என்போம். பதற்றத்தில் வாய் தவறி, “தொர, ஒரு விண்ணப்பம்,” என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது.

“சொல்லும்மா.”

“மில்லுல ஒரு பிள்ளக்காம்பரா வேணுங்க.”

“பிள்ளைக்குக் காமராவா?”

“ஆமாங்க, பிள்ளக்காம்பரா. கைப்பிள்ள வச்சிருக்கிற எல்லாத்துக்கும் சேத்து ஒண்ணு போதுங்க.”

“போட்டோ எடுக்கணும்னா பஜார்ல ஸ்டூடியோ இருக்குல்ல? மில்லு எதுக்கும்மா காமரா வாங்கணும்?”

“போட்டோ இல்லங்க. பால் கொடுக்கறதுக்கு.”

“பால் கொடுக்கறதயா போட்டோ எடுக்கணும்?”

பக்கத்து மேசையில் இருந்த கிளார்க் தலையை நோட்டுக்குள் புதைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. காது வரை சூடேறியது, ஆனாலும் விளக்கிச் சொன்னேன். அறை, தொட்டில், ஆயா, பத்து நிமிடம் பால் கொடுக்கும் நேரம் எல்லாம் சொன்னேன். மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

“அது ஒங்க நாட்டுப் பழக்கம்மா. வெள்ளக்காரன் வச்சிட்டுப் போனது. நம்ம நாட்டுப் பொம்பளைங்க பிள்ள பெத்தா வீட்டுல இருந்து பாத்துக்கிடுவாங்க.”

“எது எங்க நாடுன்னு ரெண்டு சர்க்காரும் சேந்து முடிவு பண்ணித்தான் சார் கப்பல் ஏத்துனாங்க. இதுதான் எங்க நாடு,” என்றேன்.

அவர் பேனாவை எடுத்துக்கொண்டார். போகலாம் என்று அர்த்தம். சாப்பாட்டு நேரத்துக்குள் கதை மில் முழுக்கப் பரவிவிட்டது. ‘காமராக்காரி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் வரும்போது இரண்டு பிள்ளைகள் சிரித்துக்கொண்டே முகத்தைச் சரிசெய்வார்கள், போட்டோவுக்கு நிற்கிறார்களாம். சோழபுரத்துக்காரி மட்டும் சிரிக்கவில்லை. மெஷின் சத்தத்தில் என் காதோடு வந்து, “எக்கா, எனக்கு நாலு மாசம். யாருட்டயும் சொல்லிராதீய,” என்றாள். சேலையை வயிற்றுக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு அவள் ஒளித்துவைத்திருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

அந்த வாரத்தில் ஒருநாள் பஸ் தாமதமானதால் மில் கேட்டை மூடிவிட்டார்கள். டைம்கீப்பர் வரும் வரை வெளியே நிற்க வேண்டும். கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பெரிய தாள் தொங்கும். தினமும் அதைக் கடந்துதான் போவோம். பஞ்சுத் தூசி படிந்து அது என்னவென்றே தெரியாது. நின்று நின்று சலித்துப்போய் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தேன். தொழிற்சாலைச் சட்டத்தின் சுருக்கம், பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். எனக்குத்தான் எட்டாவது வரை படிப்பு உண்டே. எழுத்துக்கூட்டி, வரி வரியாகப் படித்தேன். பாதிக்குக் கீழே வந்ததும் ஒரு வரியை மறுபடி முதலிலிருந்து படித்தேன். முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் ஆறு வயதுக்கு உட்பட்ட அவர்களுடைய குழந்தைகளுக்கு ஒரு அறை வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், தாய்மார் இடையில் வந்து பால் கொடுக்க வசதி வேண்டும் என்று அதில் இருந்தது. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘குழந்தைகள் காப்பகம்’.

அந்தப் பெயரை நான் பார்த்திருக்கிறேன். ரீலிங்கிலிருந்து கக்கூஸுக்குப் போகிற வழியில் பூட்டிய அறை ஒன்றின் மேல் அதே எழுத்து, பாதி உதிர்ந்துபோய். உள்ளே நூல் சுற்றும் கோன் அட்டைகளைக் கூரை வரை அடுக்கியிருந்தார்கள். தினமும் பாலைச் சாக்கடையில் ஊற்றப் போகும்போது அந்தக் கதவைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். ஏதோ கடல் கடந்து நான் கொண்டுவந்த பழக்கம் என்று மேனேஜரும் நினைத்தார், நானும்தான் நினைத்தேன். இந்த நாடு அதை எழுதிச் சட்டம் போட்டு மாட்டியே வைத்திருக்கிறது, தூசி தட்டத்தான் ஆளில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அந்த ஆத்திரத்துக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது.

வீட்டில் போய்ச் சொன்னேன். என் கணவர் நம்பவில்லை. மறுநாள் ஒன்பது மணிக்கு அடுப்பை விட்டு இறங்கியதும் தானே பஸ் ஏறி வந்து அந்தத் தாளைப் படித்திருக்கிறார். பத்து மணி டீ நேரத்தில் வாட்ச்மேன் என்னைக் கூப்பிட்டார். கேட்டுக்கு வெளியே அவர் நின்றுகொண்டிருந்தார், தோளில் பிள்ளை.

“இங்க எழுதித்தான் போட்டிருக்கு,” என்றார். பிள்ளையை நீட்டினார்.

கேட்டுக்குள் பிள்ளையை விட வாட்ச்மேன் சம்மதிக்கவில்லை, பிள்ளைக்கு டோக்கன் இல்லையாம். அதனால் அந்தத் தாளுக்குக் கீழேயே, வெளியே மண்ணில் உட்கார்ந்தேன். மெயின் ரோடு. லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. சோழபுரத்துக்காரி வந்து எனக்கு முன்னால் ரோட்டுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டாள். அவள் சைகையில் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

அன்று தொடங்கியது அப்படியே நடந்தது. தினமும் பத்து மணிக்கு அவர் பிள்ளையோடு வருவார், நான் உட்காருவேன், பெண்கள் வளைத்து நிற்பார்கள். முதலில் மூன்று பேர், பிறகு எட்டுப் பேர், இரண்டாவது வாரம் பதினைந்து பேர். என்னைக் காமராக்காரி என்று சிரித்த பிள்ளைகள்தான் முந்திக்கொண்டு வந்தார்கள். நாளைக்கு அவர்களுக்கும் கல்யாணம் ஆகுமே. டீ நேரம் பத்து நிமிடம், பிள்ளை குடித்து முடிக்க இருபது நிமிடம். பால் குடிக்கும் பிள்ளையை அவசரப்படுத்த யாரால் முடியும்? மேஸ்திரி கேட்டுக்கு வந்து, “ஏட்டி, போதும், உள்ள வாங்க,” என்று சத்தம் போடுவார். “செத்த நேரம் இருங்கண்ணே, இன்னும் ஏப்பம் விடல,” என்று பதில் வரும். பதினைந்து மெஷின் சும்மா நிற்கும்.

ஆறாவது வாரம் மேனேஜரே கேட்டுக்கு வந்தார். சுவரில் இருந்த தாளை அண்ணாந்து பார்த்தார். கண்ணாடி பளபளவென்று இருந்தது, தினமும் நான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“படிச்சேன் சார். நீங்க மாட்டுனதுதான்,” என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. ஒருத்தி அறைக்குள் போய் வருவது மேலா, பதினைந்து பேர் ரோட்டில் நிற்பது மேலா என்று யோசிக்கத் தெரிந்தவர். மறுவாரம் கோன் அட்டைகள் வெளியேறின. சுண்ணாம்பு அடித்தார்கள், நான்கு தொட்டில் கட்டினார்கள், மில் கூட்டுகிற அம்மாவை ஆயாவாக வைத்தார்கள். என் மகள் பஸ்ஸில் என்னோடு மில்லுக்கு வரத் தொடங்கினாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம்.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. நான்கு தொட்டிலில் மூன்று காலியாகவே ஆடின. மற்ற தாய்மாரெல்லாம் முன்பே வேலையை விட்டுப் போயிருந்தார்கள், இருப்பவர்களில் கைப்பிள்ளைக்காரி நான் ஒருத்திதான். இரண்டு மாதம் போனதும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். “ஒரு பிள்ளைக்கு ஒரு ஆயா, ஒரு ரூமு. நல்லாவா இருக்கு? ஒன் பிள்ளை பால் மறக்கிற வரைக்கும் இருக்கட்டும். அதுக்குப் பெறவு ஸ்டோருக்குக் கொடுத்துருவோம்,” என்றார்.

நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். என் பிள்ளை பால் மறக்காமல் பார்த்துக்கொள்வது என் கையில் இருக்கிறது. அவள் இட்லி தின்றாள், பருப்புசாதம் தின்றாள், எட்டுப் பல் முளைத்துக் கடிக்கவும் கடித்தாள். பக்கத்து வீட்டு அக்கா, “வேப்பெண்ணெய தடவும்மா, தானா மறந்துரும்,” என்று அன்பாகச் சொன்னாள். மூத்தவளுக்கு அதைத்தான் செய்தேன். இவளுக்குச் செய்யவில்லை. காலையும் மத்தியானமும் அந்த அறையில் உட்கார்ந்து, வேண்டாம் என்று முகம் திருப்பும் நாளிலும் பேசிப் பேசிக் கொடுத்தேன். உடம்பு இளைத்து ரவிக்கை தொளதொளத்தது. என் கணவர் கடையிலிருந்து தினமும் ஒரு வாய் பால்கோவா இலையில் மடித்துக் கொண்டுவந்து எனக்குக் கொடுத்தார். அந்த நாட்டு ஊசி வேண்டாம் என்ற பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

சோழபுரத்துக்காரியைத்தான் நம்பியிருந்தேன். வயிறு தெரிந்த பிறகும் அவள் வேலையை விட்டு நிற்கவில்லை, லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். ஆண் பிள்ளை பிறந்தது என்று தகவல் வந்தது. பிறகு ஆளைக் காணோம். அவள் மாமியார், பச்சைப்பிள்ளையை மில்லுக்குத் தூக்கிப் போவதா, கண் படும் என்று மறுக்கிறாளாம். நாட்கள் போய்க்கொண்டிருந்தன. ஸ்டோர்காரர் ஒருநாள் டேப்போடு வந்து அறையை அளந்துவிட்டுப் போனார்.

என் மகளுக்கு ஒரு வயது தாண்டிய ஒரு திங்கட்கிழமை சோழபுரத்துக்காரி வந்தாள். நெற்றியிலும் கன்னத்திலும் உள்ளங்காலிலும் திருஷ்டிப் பொட்டு வைத்த பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, “சண்ட போட்டுட்டுத்தான் வாரேன்,” என்று சொல்லி மெஷினுக்கு ஓடினாள்.

பத்து மணிக்கு நான் போனபோது அந்தப் பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது. ஆயா தோளில் போட்டுப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். தாயைக் காணோம். அன்று அவள் மெஷினில் நூல் அறுந்து அறுந்து விழுந்துகொண்டிருந்தது, மேஸ்திரி விடவில்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று, எட்டு நிமிடம் ஆயிற்று. பிள்ளையின் முகம் கறுத்து, சத்தம் உள்ளே போய்விட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. என் மகளைக் கீழே இறக்கிவிட்டு, “இங்க குடுங்க,” என்று அவனை வாங்கி மாரில் வைத்தேன். ஒரு தடவை உதடு தேடியது, பிறகு பிடித்துக்கொண்டான்.

வாசலில் நிழல் விழுந்தது. அவள் நின்றாள், தலையெல்லாம் பஞ்சு, ஓடிவந்த மூச்சு.

மூன்று வருடம் ஒரே வரிசையில் நின்றிருக்கிறோம். எனக்காக ரோட்டில் மறைப்பு நின்றவள்தான். ஆனாலும் என் தூக்குவாளியிலிருந்து ஒரு வாய் தண்ணீர் அவள் வாங்கிக் குடித்ததில்லை. எந்த நாடு நல்லது என்று ஆயிரம் தடவை கேட்டவள், நான் என்ன ஆள் என்று ஒருநாளும் கேட்டதில்லை, கேட்காமலே தெரிந்துவைத்திருந்தாள். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள், நாளையிலிருந்து வர மாட்டாள், அறையும் போயிற்று என்றுதான் நினைத்தேன். கேட்காமல் செய்தது தப்பாகவே இருக்கட்டும், குடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை நான் எடுக்கப் போவதில்லை என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவள் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முந்தானையால் பிள்ளையின் நெற்றி வேர்வையைத் துடைத்தாள்.

“எக்கா, எடது பக்கம் அவன் ரொம்ப நேரம் குடிக்க மாட்டான்,” என்றாள். “வலது பக்கம் மாத்திப் போடுங்க.”